வலியைச் சொல்லத் தெரிய வேண்டும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களில் வசிக்கும் நம் அங்கத்தினர்கள் குடும்பத்துடன் கொல்லயிலில் கூடியபோது, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

காரியதரிசி என்னை அழைத்து, "மாமா, பத்து நிமிஷம் பேசணும். எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்கோ" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவனுக்கு வேறு என்ன தெரியும்? ஆங்கிலத்தைப் பற்றியேதான் பேசப் போகிறேன். ஆனால் இது இலக்கண வகுப்பு அல்ல. உடம்புக்கு வலி வந்தால், மனசுக்கு வலி வந்தால், அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறோம், எப்படிச் சொல்லத் தவறுகிறோம் என்பதுதான் விஷயம். இதில் நான் செய்த ஒரு பெரிய தவறும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாம் எல்லையில் வாழ்கிறவர்கள். 1956-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா இந்தப் பக்கம் நின்றது. களியக்காவிளையில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்திருப்போம். இந்தப் பக்கம் பெண் எடுத்திருப்போம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் என்று மூன்று பாஷை நமக்கு. மூன்று பாஷை தெரிந்தவனுக்கு வலியைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். கஷ்டமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாருங்கள், 'வேதனை' என்று தமிழில் சொன்னால் பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்டது. மலையாளத்தில் 'வேதன' என்றால் சாதாரண உடம்பு வலி, தலைவேதன, வயிறுவேதன. தமிழில் 'விஷமம்' என்றால் குழந்தை பண்ணும் குறும்பு. மலையாளத்தில் அதே 'விஷமம்' துக்கம், மனக்கஷ்டம். மெட்ராஸிலிருந்து கல்யாணம் ஆகி வந்த நாட்டுப்பெண்ணிடம் பக்கத்து வீட்டு அம்மாள், "மோளுக்கு விஷமம் உண்டோ?" என்று பரிவாகக் கேட்டாளாம். இவள், "நான் ஒரு விஷமமும் பண்ணலையே!" என்று முகம் சிவந்தாளாம். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கதை இது.

சிரிக்க முடியாத கதை ஒன்று உண்டு.

1997-ஆம் வருஷம். என் அக்காவின் ஒரே பெண் கல்யாணமாகி அமெரிக்கா போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அத்திம்பேருக்கு அவள்தான் உயிர். வாசல் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் காலை குளித்துவிட்டுக் குளப்படி ஏறும்போது நடுப்படியில் நின்றுவிட்டார். "அம்பி, நெஞ்சை அடைக்கறாப்பல இருக்குடா" என்றார். எங்கள் எல்லோருக்கும் அது பெண்ணை நினைத்துச் சொன்னதாகத்தான் பட்டது. தமிழில் துக்கம் வந்தால் நெஞ்சை அடைக்கும், தொண்டையை அடைக்கும். அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஒரு கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், மலையாளிதான். அத்திம்பேருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அவரே பேசியிருக்கலாம். ஆனால் அவர் என்னைப் பார்த்து, "நீயே சொல்லு. இங்கிலீஷ்ல சொன்னா டாக்டர் நன்னாக் கேட்டுப்பார்" என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். வாத்தியார் அல்லவா! நல்ல ஆங்கிலத்தில், "ஹி இஸ் ஹார்ட்ப்ரோக்கன், டாக்டர். ஹிஸ் டாட்டர் லெஃப்ட் லாஸ்ட் வீக்" என்றேன். டாக்டர் புன்னகை செய்தார். நானும் செய்தேன். அத்திம்பேரும் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டியது. டாக்ஸி பிடித்துக் கிளம்பினோம். நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் காதில் விழுந்தது நெஞ்சு அடைப்பு இல்லை, என்னுடைய இலக்கியம். அத்திம்பேர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவரைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயத்தை மொழிபெயர்த்தேன். இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு உயிர் ஆயிற்று.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நமக்கு மட்டும்தான் இந்தச் சிரமம் என்று எண்ண வேண்டாம். கனடாவில் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்ஸாக் என்ற மனோதத்துவப் பேராசிரியர் இருந்தார். நோயாளிகள் வலியைப் பற்றி என்னென்ன வார்த்தை சொல்கிறார்கள் என்று சேகரித்து, 1971-ல் டார்கர்ஸன் என்பவருடன் சேர்ந்து வகைப்படுத்தினார். 1975-ல் அதையே ஒரு கேள்வித்தாளாக வெளியிட்டார். அதில் 78 வார்த்தைகள், 20 கூட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலேயனுக்கே தன் வலியைச் சொல்ல ஜாபிதா வேண்டியிருந்தது என்றால் நம் பாடு எப்படி?

அந்த வார்த்தைகள் வெறும் அலங்காரம் அல்ல. எந்த வார்த்தை சொல்கிறோமோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் வைத்தியர் போகிறார். நம் வீட்டுத் தமிழுக்கு ஈடான சில சாதாரண ஆங்கில வார்த்தைகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

சுருக்கென்று குத்துகிறதா? 'ஷார்ப்'. கத்தியால் குத்தினாற்போல் என்றால் 'ஸ்டாபிங்'. மந்தமாக ஒரே சீராக வலிக்கிறதா? 'டல் ஏக்'. விண் விண்ணென்று தெறிக்கிறதா? 'த்ராபிங்'. பிடித்துப் பிசைகிறதா? 'க்ராம்ப்'. விட்டு விட்டு வருகிறதா? 'இட் கம்ஸ் அண்ட் கோஸ்'. தொட்டால் மட்டும் வலிக்கிறதா? 'டெண்டர்'. கழுத்தைத் திருப்ப முடியாமல் விறைத்துக்கொண்டதா? 'ஸ்டிஃப்'.

பாதம் காந்துகிறது, எரிகிறது என்றால் 'பர்னிங்'. எறும்பு ஊர்கிறாற்போல, ஊசி குத்துகிறாற்போல என்றால் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் அடித்தாற்போல் சுரீரென்று ஓடினால் 'ஷூட்டிங்'. மரத்துப்போனால் 'நம்ப்'. இந்த நாலு வார்த்தைகளும் முக்கியம். நரம்பில் கோளாறு இருந்தால் இப்படித்தான் இருக்கும்; நீண்டகாலச் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தெரியும். சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது, மருந்தே வேறு. "கால் வலி" என்று மொட்டையாகச் சொன்னால் முழங்காலுக்கு மருந்து வரும். "பர்னிங்" என்று சொன்னால் நரம்பைப் பார்ப்பார்கள்.

நெஞ்சில் அழுத்தினால் 'ப்ரஷர்', இறுக்கினால் 'டைட்னஸ்'. மாரடைப்பு என்றால் சினிமாவில் வருகிற மாதிரி மார்பைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்பதில்லை. பலர் அதை வலி என்றே சொல்வதில்லை. பாரம் வைத்தாற்போல், கயிறு கட்டி இறுக்கினாற்போல் என்பார்கள். தோள், இடது கை, தாடை, முதுகு என்று பரவலாம். வியர்வை, மூச்சுமுட்டல், குமட்டல் சேரலாம். பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் களைப்பும் மூச்சுமுட்டலுமாக வருவதும் உண்டு. படி ஏறினால் வந்து, நின்றால் விடுகிற இறுக்கம் மிகவும் கவனிக்க வேண்டியது. அத்திம்பேர் நடுப்படியில் நின்றாரே, அதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம்மவர்கள் எல்லோரும் உபயோகிக்கும் ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட முடியாது. 'கேஸ்'. நெஞ்சு கரித்தால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ், தாடை வலித்தால்கூடக் கேஸ். ஒரு சோடா, கொஞ்சம் பெருங்காயம், ஓமம். நாற்பது வயசு தாண்டியவர்கள் நெஞ்சில் வருகிற எதையும் தாங்களே 'கேஸ்' என்று நாமகரணம் செய்ய வேண்டாம். என்ன தெரிகிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். பெயர் வைக்கிற வேலை ஈ.சி.ஜி. பார்க்கிறவருடையது.

நம் ஊரில் ஆங்கிலம் என்று நினைத்துப் பேசும் சில வார்த்தைகள் வெளிநாட்டில் குழப்பத்தில் விடும். பிள்ளை வீட்டுக்கு ஆறு மாதம் போகும் மாமா மாமிகள் கவனிக்க வேண்டும். 'லூஸ் மோஷன்' என்றால் அங்கே பலருக்குப் புரியாது. 'டயரியா' என்று சொல்லுங்கள். "ஐ ஹாவ் சுகர்" என்றால் சர்க்கரை டப்பாவைத் தேடுவார்கள். 'டயபடிஸ்' என்று சொல்ல வேண்டும். "ஐ ஹாவ் பிபி" என்றால், எல்லோருக்கும்தான் பிபி உண்டு. 'ஹை பிளட் ப்ரஷர்' என்று சொல்லுங்கள். தலைசுற்றல் என்பதில் இரண்டு ரகம். அறையே சுழன்றால் 'தி ரூம் இஸ் ஸ்பின்னிங்'. கண் இருட்டி விழப்போகிறாற்போல் இருந்தால் 'ஐ ஃபீல் ஃபெயின்ட்'. இரண்டுக்கும் காரணம் வேறு, பரிசோதனை வேறு.

அதேபோல வெள்ளைக்காரன் வாயில் வரும் எல்லா வலியும் வலி அல்ல. 'பெயின் இன் தி நெக்' என்றால் கழுத்துவலி இல்லை. தொந்தரவு பிடித்த ஆசாமி என்று அர்த்தம். 'அண்டர் தி வெதர்' என்றால் வெயிலில் நிற்கிறான் என்று இல்லை. உடம்பு கொஞ்சம் சுகமில்லை. "மை ஃபீட் ஆர் கில்லிங் மீ" என்றால் யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிட மாட்டார்கள். இதெல்லாம் சிநேகிதர்களிடம் பேச அழகு. வைத்தியரிடம் போகும்போது அலங்காரத்தை வாசலில் கழற்றி வைத்துவிடுங்கள். அலங்காரம் என்ன செய்யும் என்று இந்த வாத்தியாரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது மனசுக்கு வருகிறேன்.

நம் தமிழில் ஓர் ஆச்சரியம் உண்டு. உடம்பு வலிக்குச் சொல்லும் வார்த்தையையே மனசுக்கும் சொல்லுவோம். கால் உளைச்சல், மன உளைச்சல். கண் எரிச்சல், அவனைப் பார்த்தாலே எரிச்சல். காதுக் குடைச்சல், மேலதிகாரி கொடுக்கும் குடைச்சல். முதுகில் குத்தல், நாத்தனார் பேச்சில் குத்தல். ஆங்கிலத்திலும் 'ஹர்ட்', 'ஏக்' இரண்டுக்கும் பொருந்தும். உடம்பையும் மனசையும் பாஷை பிரிக்கவில்லை. வலியை ஆராயும் சர்வதேச சங்கம் 2020-ல் திருத்திய விளக்கத்திலும், வலி என்பது புலனும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்றே இருக்கிறது. ஒருவர் தமக்கு வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும், வாயால் சொல்ல முடியாதவர்களுக்கும் வலி இருக்கலாம் என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

'ஹார்ட்ப்ரோக்கன்' என்று நான் சொன்னதிலும் விஞ்ஞானம் உண்டு என்பதுதான் வேடிக்கை. பெரிய துக்கத்தினாலோ அதிர்ச்சியினாலோ இருதயத்தின் ஒரு பகுதி சட்டென்று பலவீனமாகி ஊதிப்போகும் ஒரு நோயை 1990-ல் ஜப்பான் வைத்தியர்கள் விவரித்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப்போல் இருதயம் தோற்றமளிப்பதால் 'டகோட்சுபோ' என்று அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள். ஆங்கிலத்தில் 'ப்ரோக்கன் ஹார்ட் சிண்ட்ரோம்' என்கிறார்கள். பார்க்க மாரடைப்பு மாதிரியே இருக்கும். பரிசோதனை செய்து, ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகுதான் இந்தப் பெயரைச் சொல்லுவார்கள். அதாவது மனசு உடைந்தது என்று சொல்வதற்கும் முதலில் உடம்பைப் பார்த்தாக வேண்டும். நான் வரிசையை மாற்றிவிட்டேன்.

மனசு விஷயத்தில் நாம் கடன் வாங்கிய ஆங்கில வார்த்தைகள் மூன்று: 'டென்ஷன்', 'ஃபீலிங்', 'டிப்ரஷன்'. பயம், கோபம், கவலை, தனிமை எல்லாவற்றுக்கும் ஒரே 'டென்ஷன்'. "ரொம்ப ஃபீலிங்கா இருக்கு" என்றால் நமக்குத் துக்கம் என்று புரியும். ஆங்கிலத்தில் அது பாதியில் நின்ற வாக்கியம். 'டிப்ரஷன்' என்பது வைத்தியருக்கு ஒரு வியாதியின் பெயர். நமக்குக் கிரிக்கெட்டில் இந்தியா தோற்றாலும் டிப்ரஷன்தான். அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன வார்த்தைகள் போதும். 'ஐ ஆம் லோன்லி.' 'ஐ ஆம் ஸ்கேர்ட்.' 'ஐ ஆம் வொரீட்.' 'ஐ மிஸ் ஹிம்.' நாலாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்த வார்த்தைகள். சொல்லத்தான் நமக்குக் கூச்சம்.

அத்திம்பேர் போன பிறகு அக்காவுக்கு உடம்பெல்லாம் வலி. எக்ஸ்-ரே எடுத்தோம், ரத்தம் பார்த்தோம், தைலம் தேய்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. பெண் போனில் கேட்டால், "ஐ ஆம் ஃபைன், டோண்ட் வொரி" என்பாள். அவள் கற்றுக்கொண்ட ஆங்கிலமே அவ்வளவுதான். பெண் அந்தப் பக்கம், "டேக் கேர் அம்மா" என்பாள். இரண்டு பேரும் போனை வைத்துவிட்டு அழுவார்கள். 'ஐ ஆம் ஃபைன்' என்பதைப்போல் நம் வீடுகளில் பொய்க்குப் பயன்படுகிற ஆங்கிலம் வேறில்லை.

கேரளத்தில் 2008-ல் சாந்த்வன சிகிச்சைக்கு என்று அரசாங்கம் ஒரு கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துகள் மூலமாக நர்ஸுகள் வீடு தேடி வந்து படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிறார்கள். இதற்கு விதை 1993-ல் கோழிக்கோட்டில் போட்டது. அதில் முன்னின்ற டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற ஸ்தாபனத்தையும் தொடங்கினார். இந்தத் துறையில் 'டோட்டல் பெயின்' என்று ஒரு வார்த்தை உண்டு. லண்டனில் 1967-ல் ஸெய்ன்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை நிறுவிய சிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார் கொடுத்தது. உடம்பு, மனசு, குடும்பம், பகவானிடம் உள்ள கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவருடைய வலி என்று அதற்கு அர்த்தம்.

பக்கத்து வீட்டுக்கு வந்த அப்படிப்பட்ட நர்ஸ் ஒருத்தி, எங்கள் வீட்டுத் திண்ணையில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாள். அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "அம்மைக்கு எந்தா விஷமம்?" என்று கேட்டாள். அக்காவுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். இருந்தாலும் பழைய குறும்பு தலைகாட்டியது. என்னைப் பார்த்து, "கேட்டியாடா அம்பி, இந்த வயசுல நான் என்ன விஷமம் பண்றேனாம்!" என்று சிரித்தாள். எத்தனையோ வருஷம் கழித்துச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறிற்று. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. ஒரு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அக்கா தைலம் கேட்கவில்லை. முழங்கால்வலி போகவில்லை, தாங்கிக்கொள்ள முடிகிற அளவுக்குக் குறைந்தது. அந்த வாரம் பெண்ணிடம் போனில், "எனக்கு நன்னா இல்லைடி, தனியா இருக்கேன்" என்று தமிழில் சொன்னாள். அடுத்த மாதமே அவள் வந்து நின்றாள்.

கடைசியாகச் சில வார்த்தைகள்.

நோயாளியை முதலில் தாய்மொழியில் பேசவிடுங்கள். என்ன மாதிரி வலி, எங்கே, எப்போது ஆரம்பித்தது, எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, கூடவே என்ன வருகிறது என்று ஒரு காகிதத்தில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு போங்கள். "பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் மரியாதைக்கு "ரெண்டு" என்பார்கள், ராத்திரி தூங்க முடிகிறதா, நடக்க முடிகிறதா என்று சேர்த்துக் கேளுங்கள். மொழிபெயர்ப்பவர் மொழியைத்தான் பெயர்க்க வேண்டும். வைத்தியம் பார்க்கக் கூடாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள், கூச்சப்பட வேண்டாம். நம் நாட்டில் மனக்கஷ்டத்துக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 முதல் இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். நெஞ்சில் இறுக்கம் என்றால் 108-க்குக் கூப்பிடுங்கள், மறுநாள் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம்.

அத்திம்பேர் சொன்னதை இன்றைக்கு நான் மொழிபெயர்த்தால் இப்படிச் சொல்லுவேன்: "ஹி ஃபீல்ஸ் எ டைட்னஸ் இன் ஹிஸ் செஸ்ட். இட் ஸ்டார்ட்டட் யெஸ்டர்டே, ஆன் தி ஸ்டெப்ஸ்." இரண்டே வாக்கியம். அலங்காரம் இல்லை. என் வகுப்புக் குழந்தைகள் யாராயிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். வாத்தியாருக்குத்தான் வரவில்லை.

உங்களுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.